எல்லைச் சாவடியில் ஒரு கேள்வி

கூடாரம் போட்ட மூன்றாம் நாள் காலையில், அந்தக் கூடாரத் திடலை நடத்தும் பெண்மணி வந்து குளியலறைக் கதவைப் பூட்டினாள்.

"இன்னைக்கே கிளம்புங்க. உங்க நாட்டு வண்டி இங்க நிக்குதுன்னு ஊரே என்னைத் திட்டுது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் அவள். தொற்று பரவத் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கும் வார்டுக்குமாக அலைந்து அலுத்துப்போயிருந்தாள். பயணக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும், "வாக்கா, மூச்சு விட்டுட்டு வரலாம்" என்று தங்கைதான் இழுத்து வந்தாள். வேன் தங்கையின் கணவனுடையது. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். டிரைவிங் பள்ளியை மூடியதிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். பக்கத்து நாட்டு ஏரிக்கரையில் கூடாரம் அடித்ததும் சின்னப் பையன் போலத் துள்ளினான்.

ரொட்டி வாங்க மூவரும் வேனில் கடைத்தெருவுக்குப் போனார்கள். கடைக்காரன் நம்பர் பிளேட்டைப் பார்த்தான், ஷட்டரை இறக்கினான். எதிர்ப்பக்கம் யாரோ காறித் துப்பினார்கள். ஏரிக்கரையில் அக்காவின் போனுக்குச் சிக்னலே இல்லை, கடைத்தெருவில்தான் வந்தது. வந்த வேகத்தில் தலைமை நர்ஸ் கூப்பிட்டார்.

"எங்கம்மா இருக்கே? இங்க தொற்று மறுபடி ஏறி, நேத்து சாயங்காலத்தோட எல்லையை மூடிட்டாங்க. உன் போன் கிடைக்கலைன்னு முந்தாநாளே உன் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட, மூடப்போறாங்க, உடனே வரச்சொல்லுங்கன்னு சொன்னேனே. சொல்றேன்னாரே!"

முந்தாநாள் சமையல் கேஸ் வாங்க அவன் மட்டும் கடைத்தெருவுக்கு வந்திருந்தான்.

அக்கா போனை இறக்கினாள். "மாப்பிள்ளை, தெரிஞ்சுதான் வாயை மூடிட்டு இருந்தீங்களா?"

அவன் ஸ்டீரிங்கைப் பார்த்தபடி சொன்னான். "ரெண்டு நாள் நிம்மதியா இருந்துட்டுப் போலாம்னு நினைச்சேன். எப்பவும் போல மூடுறது தள்ளிப்போகும்னு..."

"அங்க என் வார்டுல ஆளில்லாம தவிக்கிறாங்க. உங்களுக்கு மீன் சுட்டுத் திங்கணும்!"

"நீங்க இல்லேன்னா ஆஸ்பத்திரியே இடிஞ்சு விழுந்துடுமா? பெரிய இவங்க!"

"போதும், நிறுத்துங்க" என்று தங்கை கத்தினாள். யாரை நிறுத்தச் சொன்னாள் என்று இருவருமே கேட்கவில்லை.

கூடாரத்தைச் சுருட்டியும் சுருட்டாமலும் வேனில் திணித்துக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் அவன் ஒருமுறை இருமினான். அக்கா சட்டென்று ஜன்னலை இறக்கினாள். அவன் வேண்டுமென்றே இன்னொரு முறை இருமினான்.

சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அதிகாரி அக்காவின் மருத்துவமனை அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"நீங்க போகலாம். உங்ககூட ஒரே வீட்டுல இருக்கிறவங்களும் போகலாம். மத்தவங்க தனிமை முகாம்ல தங்கணும்."

"நாங்க எல்லாம் ஒரே வீடுதான் சார்" என்று அவன் முந்திக்கொண்டான்.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "அப்படியா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தங்கை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு நினைவில் வந்தது அவன் வேண்டுமென்றே இருமிய அந்த இருமல்தான்.

"இல்ல சார். அவங்க வீடு வேற."

"அடிப்பாவி!" என்றான் அவன்.

தங்கை அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் என்ன பண்ணேன்?"

"நீ வா. உன்னை மட்டும் எப்படியாவது கேட்டுப் பார்க்கிறேன்."

தங்கை கையை விட்டாள். வேனுக்குள் ஏறிக் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா பையைத் தோளில் போட்டுக்கொண்டு தடுப்பைத் தாண்டினாள். அன்றே வேலைக்குத் திரும்பினாள். நல்லதுதான் செய்தோம் என்று வார்டில் இருக்கும்போது தோன்றும், வீட்டில் தோன்றாது.

முகாமிலிருந்து அவர்கள் ஊர் திரும்பி இப்போது மாதங்கள் ஆகின்றன. நடந்தது அம்மாவுக்குத் தெரியாது. வாரம் ஒருநாள் அம்மா இருவரையும் வீடியோவில் சேர்த்துக் கூப்பிடுவாள். தங்கை சிரிப்பாள், "அக்கா இளைச்சுட்டாம்மா" என்பாள், குழம்புக்குப் பக்குவம் கேட்பாள். அம்மா போனை வைத்த பிறகும் திரையில் அவர்கள் இருவர் மட்டும் ஒரு நொடி நிற்பார்கள். அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கையின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிவிடும். பிறகு திரை கறுத்துவிடும்.