ஐந்தாம் தளத்து நாற்காலி

உலக நாடுகளின் வணிகப் பேச்சுவார்த்தை. காலை பதினொரு மணிக்கு இரண்டு அறைகளிலும் கூட்டம். மூன்றாம் தளத்தில் மீன், ஐந்தாம் தளத்தில் பால் பவுடர். அவன் நாட்டிலிருந்து வந்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

பெரிய நாடுகள் அறைக்கு நான்கு பேரை உட்கார வைத்திருந்தன. ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்க, மற்ற இருவர் சும்மா இருக்க. வாசலில் அடுக்கியிருக்கும் பெயர்ப்பலகைகளில் தன் நாட்டுடையதை எடுத்துப்போய் மேசையில் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். தலைவர் கேட்கும்போது யாரும் மறுக்காவிட்டால், எல்லோரும் ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

அவன் முதலில் ஐந்தாம் தளத்துக்குப் போனான். வரைவின் நான்காம் பிரிவு நிறைவேறினால், பால் பவுடர் எவ்வளவு மலிவாக வந்து இறங்கினாலும் அவன் நாடு வரியை உயர்த்த முடியாது. அக்கா மாடு வைத்திருந்தாள். அத்தான் போன பிறகு வாங்கிய மாடுகள். முன்பு ஒருமுறை பவுடர் வந்து குவிந்தபோது சங்கம் பால் வாங்குவதை நிறுத்தியது. அக்கா கேனைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கழுவி, மறுநாளும் கறந்தாள். கறக்காவிட்டால் மாட்டுக்கு மடி கட்டிக்கொள்ளும்.

ஊரிலிருந்து துறைச் செயலாளர் போனில் அழைத்தார்.

“மீன்ல போய் உக்காருங்க. மந்திரி தொகுதி பூரா படகுக்காரங்க.”

“ரெண்டும் ஒரே நேரத்துல சார்.”

“ஓடி ஓடிப் பாருங்க.”

நான்காம் பிரிவு மதியத்துக்கு மேல்தான் வரும். பலகையை மேசையில் வைத்தான். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். பக்கத்து இருக்கைத் தாடிக்காரர் சிரித்தார். அவருடையதும் சின்ன நாடு.

“என்ன, பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிறீங்களா?”

“யாராவது கேட்டா, இதோ வந்துடுவார்னு சொல்லுங்க.”

“சொல்றேன், சொல்றேன். வண்டி கிளம்புறதுக்குள்ள வந்து சேருங்க.”

மூன்றாம் தளத்தில் அவன் முறை வர வெகுநேரம் ஆனது. படகு டீசல் மானியத்தைப் பற்றிப் பேசினான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைவர் நன்றி சொல்லி அடுத்த நாட்டை அழைத்தார். லிஃப்ட்டில் கூட்டம். படியேறினான்.

ஐந்தாம் தளத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் பையை மூடுவதிலேயே கவனமாக இருந்தார்.

“நாலாவதை முன்னாடி இழுத்து நிறைவேத்திட்டாங்க.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“நான் வாயைத் திறந்தா பெரிய நாட்டுக்காரங்க எங்க சர்க்கரை ஏற்றுமதியில கை வைப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா?”

அவன் தலைவர் அம்மாளிடம் போனான். வராத நாட்டுக்கு மறுப்புச் சொல்ல மறுநாள் வரை அவகாசம் உண்டு. அதைத்தான் கேட்டான்.

“நான் இங்க இல்லைங்க. வராதவங்க கணக்குல வெச்சுக்குங்க.”

“உங்க பலகை இருந்ததே. கோட்டும் இருந்தது.” குரலில் கடுமை இல்லை. “உங்க பக்கம் பார்த்துத்தான் ரெண்டு தடவை கேட்டேன். பலகை இருந்தா ஆள் இருக்கிறதாத்தானே அர்த்தம்?”

“நான் மீன்ல இருந்தேன்.”

“தனியாவா வந்தீங்க?” என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. யாரோ அவரைப் புகைப்படத்துக்கு அழைத்தார்கள்.

அறை காலியானது. கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். மேசையில் அவனுக்கென்று ஊற்றி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. அவன் தவிர மற்ற எல்லோரும் குடித்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, ஏரி மாதிரி பரந்த புல்வெளியில் ஒருவரும் இல்லை.

போன் அடித்தது. அக்கா. பின்னால் ஒரு மாடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“தம்பி, செவலை கன்னு போட்டிருக்குடா. கிடேரி! நக்கி நக்கி நிக்க வெச்சிடுச்சு. ஆமா, இன்னிக்குத்தானே அந்தக் கூட்டம்? சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எந்தம்பி அங்க இருக்கான், அவன் பார்த்துக்குவான்னு. கேக்குதா? நீ அந்த ரூம்லதானே இருந்தே?”