சரிபார்த்தவர் கையெழுத்து

என் ஓரகத்திக்கு ஜன்னலோர மேசை கிடைத்த அன்று எனக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கு எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை கிடையாது. பதினோரு வருஷமாக அந்த மேசையைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அவள் எங்கள் பிரிவுக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவும் என் சிபாரிசில்.

எங்கள் அணுமின் நிலையத்தை மூடி மூன்று வருஷமாகிவிட்டது. ஒரு காலத்தில் இருபத்திரண்டு பேருந்துகளில் ஆட்கள் வந்து இறங்கிய இடம். இப்போது ஒரே ஒரு பேருந்து, அதிலும் பாதி இருக்கை காலி. மூடியாகிவிட்டதே, இன்னும் அங்கே உனக்கு என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். உலையை நிறுத்தினாலும் எரிபொருள் எங்கும் போய்விடாது. உலையிலிருந்து எடுத்த எரிபொருள் கட்டுகள் எல்லாம் ஆழமான ஒரு குளத்தில், தண்ணீருக்கடியில், இன்னும் சூடாகத்தான் கிடக்கின்றன. அந்தச் சூடு தணியும்வரை, ஓடுகிற நிலையத்துக்கு எவ்வளவு காப்பீடோ அவ்வளவையும் மூடிய நிலையத்துக்கும் வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பிரிவு, அதில் நான்.

காப்பீட்டைக் குறைக்க ஒரு வழி உண்டு. குளத்துத் தண்ணீர் மொத்தமும் வடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, கட்டுகள் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேற எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட வேண்டும். பத்து மணி நேரத்தைத் தாண்டினால், ஆட்கள் வந்து தண்ணீர் பீய்ச்ச அவகாசம் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது குறைக்க அனுமதி கேட்கலாம். அந்தக் கணக்கைப் போட எனக்குத் தெரியாது, போட்டதைச் சரிபார்க்க மட்டும்தான் தெரியும். ஓரகத்தி வேலை பார்த்த உலைப் பிரிவைக் கலைத்தபோது, "சின்னவளுக்கும் ஒரு வழி பண்ணும்மா" என்று மாமியார் கேட்டார். நானும் மேலாளரிடம் போய், கணக்கில் புலி, எங்கள் வீட்டுப் பெண்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

புலிதான், அதில் பொய்யில்லை. வந்த இரண்டாம் மாதமே மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். வீட்டிலும் அதே கதை. அவளுடைய சாப்பாட்டு டப்பாவை என் கொழுந்தன் தினமும் கழுவி வைப்பான்; என் வீட்டுக்காரருக்கு என் டப்பா என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. "சின்னவ இருந்தா வீடே கலகலன்னு இருக்கு" என்பார் மாமியார். அப்படியென்றால் நான் இருக்கும்போது என்ன, இழவு வீடா?

அவளுக்கு மேசை கிடைத்த அடுத்த மாதம் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அனுமதி வந்துட்டா இந்தப் பிரிவுக்கு ஒரு ஆள் போதும்மா. யாருன்னு ஆய்வுக் கூட்டம் முடிஞ்சதும் சொல்றேன்."

சொல்லும்போதே அவர் கண் ஜன்னல் பக்கம் போனது. எனக்குக் கண்ணில் மிளகாய்த்தூள் பட்டது போலிருந்தது.

விண்ணப்பத்தைத் தயாரிப்பது அவள் வேலை. கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. வெள்ளிக்கிழமை கூட்டம். புதன்கிழமை நாற்பது பக்கத்தையும் நான்கு முறை படித்தேன். தப்புக் கண்டுபிடிக்கத்தான் படித்தேன், வேறு எதற்கு? ஒரு புள்ளி இடம் மாறவில்லை. விடை, பத்து மணி நாற்பது நிமிடம்.

அப்படி விட்டுவிட மனசு வரவில்லை. எங்கள் அறைச் சுவரில் குளத்தின் வரைபடம் ஒரு தகரப் பலகையில் இருக்கிறது. கட்டுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு காந்த வில்லை. கடைசியாக உலையிலிருந்து வந்த சூடான கட்டுகளுக்குச் சிவப்பு, ஆறிப்போன பழையவற்றுக்கு நீலம். சிவப்பு ஒன்றோடொன்று ஒட்டி இருக்கக் கூடாது, சுற்றிலும் நீலம் இருக்க வேண்டும். குளத்தில் எதையாவது நகர்த்தினால் ஒரு மஞ்சள் சீட்டு எங்களுக்கு வரும். அன்றைக்கே சீல் வைத்து, வில்லையை நகர்த்தி, சீட்டைக் கோப்பில் போட வேண்டும். அவள் கணக்குப் போட்டது அந்தப் பலகையைப் பார்த்துத்தான்.

பலகையையும் மஞ்சள் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. பொறாமைக்கு உண்டு. மதியம் மூன்று மணிக்கு ஒரு சீட்டு கிடைத்தது. குளத்தின் அடித்தளத்தைக் கேமராவில் பார்க்க இடம் வேண்டுமென்று ஆறு சிவப்புக் கட்டுகளைத் தெற்கு மூலைக்கு நகர்த்தி, ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். திருப்பி வைத்ததற்குச் சீட்டே இல்லை. பலகையிலோ ஆறும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. சேர்ந்திருந்தால் சீக்கிரம் சூடேறும். அவள் கணக்கு தப்பு.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மாலையில் பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கையைக்கூட விட்டுக்கொடுத்தேன். "என்னக்கா இன்னிக்கு இவ்வளவு குஷி?" என்றாள். சும்மாதான் என்றேன்.

வெள்ளிக்கிழமை, நீள மேசைக்கு அந்தப் பக்கம் அரசு ஆய்வாளர். இந்தப் பக்கம் மேலாளர், அவள், நான். ஆய்வாளர் கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றார்.

"சரிபார்த்தவர் கையெழுத்து இல்லையே?"

"போட முடியாது சார்" என்று கைப்பையைத் திறந்தேன்.

சீட்டைப் படித்தார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்துப் போனது. அந்த ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. அப்புறம் அவர் சீட்டைத் திருப்பினார்.

"இந்த சீல் யாரோடது? ரெண்டு மாசத்துக்கு முந்தியே பதினாலாம் தேதி வாங்கியிருக்கீங்க. பலகையில ஏன் மாத்தல?"

என் சீல். என் கையெழுத்து. முன்பக்கம் கண்ட சந்தோஷத்தில் பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. சீல் வைக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்பதுகூட அந்த இரண்டு நாளும் எனக்கு உறைக்கவில்லை.

பதினாலாம் தேதி அவளுக்கு ஜன்னலோர மேசை கொடுத்த நாள். பலகை அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறது. அவள் புது மேசையில் பேனா, கால்குலேட்டர் எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போனால் நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டியிருக்குமே என்று, சீல் மட்டும் குத்திக் கோப்பில் சொருகிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னோடதுதான் சார்" என்றேன்.

அவள் சீட்டைக் கேட்டு வாங்கி, அங்கேயே தாளில் கணக்குப் போட்டாள். இருபது நிமிடம் பேனாச் சத்தம் மட்டும்தான்.

"ஒம்பது மணி இருபது நிமிஷம் வருது சார்."

ஆய்வாளர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டுகளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும், அதுவரை முழுக் காப்பீடும் தொடரும். "பதினோரு வருஷ சர்வீஸும்மா" என்று மட்டும் சொன்னார் மேலாளர். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பேருந்தில் அவள் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

"சீட்டு எப்பக்கா கெடச்சுது?"

"புதன்கிழம."

"அன்னிக்கே என்கிட்ட குடுத்திருக்கலாம்ல?"

சமாளிக்க நாலு காரணம் நாக்கு நுனி வரை வந்தது. ஒன்றும் நிற்காது என்று தோன்றியது.

"உன்மேல பொறாம. நீ எல்லார் முன்னாடியும் அசிங்கப்படணும்னு இருந்துச்சு. போதுமா?"

"பொறாமன்னு தெரியும்க்கா" என்றாள். "அந்த தைரியத்துலதான் எழுதுறேன். மேலாளர் நான் எழுதுறத படிக்கவே மாட்டாரு, நேரா கையெழுத்து. வீட்லயும் நான் எது சொன்னாலும் சரி. நீங்க ஒருத்தர்தான் வரி வரியா படிக்கிறீங்க. தப்பு இருந்தா அக்கா விடமாட்டாங்கன்னு நெனச்சுட்டுதான் தூங்குவேன். ஆனா இந்தத் தடவ ரெண்டு நாள் பையில வச்சிருந்தீங்க பாருங்க, அதான் வலிக்குது."

இறங்கும்வரை நான் என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்துப் புது விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தாள். நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். மஞ்சள் சீட்டுக் கட்டோடு அவள் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு வில்லையாகத் தொட்டு எண்ணினேன். சீட்டுகளின் பின்பக்கத்தையும் திருப்பினேன். பதினோரு மணி ஐந்து நிமிடம். ஒரு தப்பும் இல்லை.

இதில் என் கையெழுத்து விழுந்தால் அனுமதி வந்துவிடும். அனுமதி வந்தால் ஒரு நாற்காலி, அதில் யார் என்று இப்போது கேட்கவே வேண்டாம். ஏதாவது ஒரு சந்தேகத்தை எழுதித் திருப்பி அனுப்பினால் இன்னும் ஆறு வாரம் ஓட்டலாம். என்ன சந்தேகம் எழுதலாம் என்று யோசிக்காமல் இல்லை. இரண்டு நல்ல சந்தேகங்கள் தோன்றவும் செய்தன.

"தப்பு ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் கையில் இருந்த காப்பிக் கோப்பை அப்போதுதான் மேசைக்கு இறங்கியது. "நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதிக் கொடுத்தேன். வயிறு எரியத்தான் செய்தது.