இரண்டு நாற்பத்தைந்துகள்

சனிக்கிழமை காலை லோர்னா தன் துப்பாக்கிக் கடையைத் திறந்து பத்து நிமிடம் ஆகவில்லை, வெர்ன் ஹேகடார்ன் உள்ளே வந்தான். மழமழவென்று சவரம், இஸ்திரி போட்ட சட்டை. அவனைப் பார்த்ததும் லோர்னா எழுந்து நின்றாள்.

மார்ச்சில் அவன் மகள் டெசா இதே கடைக்கு வந்து நின்றாள். வெளியே காரில் அப்பாவின் துப்பாக்கிகள் அத்தனையும் கம்பளியில் சுற்றிக் கிடந்தன. "கண்ணு மங்கி லாரி லைசென்ஸ் போனதுலேர்ந்து அவருக்குச் சோறு இறங்கல, லோர்னா. படுத்தா எழுந்திரிக்கறதில்ல. இதையெல்லாம் எங்க ஊர் ஸ்பொகேனுக்குக் கொண்டு போய், வீட்டுல வைக்காம ஒரு லாக்கர்ல போட்டுடறேன். இங்க வந்தார்னா பாத்துக்குங்க" என்றாள்.

பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எப்படிப் பார்ப்பது? வெர்ன்மேல் ஒரு வழக்கு கிடையாது. துப்பாக்கி வாங்குகிறவர்களைச் சரிபார்க்கும் அரசாங்கக் கணினியில் பெயரைத் தட்டினால் மூன்று நிமிடத்தில் 'கொடு' என்று வந்துவிடும். தேறிவிட்டவனுக்குத் துப்பாக்கி கிடையாது என்றால், முப்பது வருஷ நண்பனை ஊர் முன்னால் பைத்தியம் என்று சொன்னதாகும். தேறாதவனுக்குக் கொடுத்தாலோ, அதற்குமேல் லோர்னாவால் யோசிக்க முடியவில்லை.

"என்னப்பா, மாப்பிள்ளை மாதிரி வந்திருக்க?"

"அழுக்கா வந்தா விலையை ஏத்திருவியே, தாயே. அந்த ரெண்டு நாப்பத்தஞ்சையும் எடு."

இரண்டும் .45 ரகக் கைத்துப்பாக்கிகள், கைமாறி வந்தவை. ஒரு பல் டாக்டர் வாங்கி, வாங்கிய விலைக்கு மேல் செலவழித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு அலங்காரம் செய்து, அலுத்துப்போய் விற்றவை. ஒன்று பழைய ரகம், ஐந்து அங்குலக் குழல், முழுக்க எஃகு. இன்னொன்று புது ரகம், குழல் முக்கால் அங்குலம் குறைவு, உடல் அலுமினியம். கீழே விழுந்தால் வெடிக்காமலிருக்க உள்ளே ஒரு தடுப்பும் உண்டு. லோர்னா ஒவ்வொன்றின் மேலே நகரும் ஸ்லைடையும் இழுத்து, தோட்டா அறை காலி என்று பார்த்து, மூடி, விரிப்பில் வைத்தாள்.

வெர்ன் கைகளைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு குனிந்தான்.

லோர்னாவிடம் ஒரு கணக்கு இருந்தது. சாக நினைக்கிறவன் துப்பாக்கியில் நொட்டை சொல்லமாட்டான். எது கிடைத்தாலும் போதும் என்பான். அடுத்த கோடையில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்கு வாங்குகிறவன்தான் மயிர் பிளப்பான். அதனால் ஆளைக் கிளறினாள்.

"சின்னதை எடுத்துக்கயேன். லேசா இருக்கும்."

"லேசா இருந்தா உதைக்கும். நாளெல்லாம் இருநூறு ரவுண்டு சுட்டா என் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்?"

"டாக்டர் ட்ரிகர் இழுப்பை மூணரை பவுண்டுக்கு இறக்கியிருக்கான். வெண்ணெய் மாதிரி இருக்கு."

"அந்தத் தடுப்பு உள்ளாற இருக்கறப்பவா? அதைக் கழட்டி எறிஞ்சுட்டுத்தான் வெண்ணெய் ஆக்கியிருப்பான். திறந்து பாத்தியா?"

பார்த்திருக்கவில்லை. பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். தடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம் இருந்தது. டாக்டரை மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஆனால் கூடவே மார்பில் ஏறியிருந்த பாரம் இறங்கிவிட்டது. கீழே விழுந்தால் வெடிக்குமோ என்று கவலைப்படுகிறவன் உயிர்மேல் ஆசை உள்ளவன்தானே.

"அப்ப பெரிசுதான். குறி பாக்கற முனையில பளிச்சுனு பச்சை இழை வச்சிருக்கான். இந்தக் கண்ணுக்கும் தெரியும்" என்றான் வெர்ன்.

படிவத்தை நீட்டினாள். அவன் நிறுத்தி நிதானமாக நிரப்பினான். கணினி 'கொடு' என்றது. லோர்னாவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. "பிடி சரியா இருக்கான்னு எடுத்துப் பாரு, பெரிய மனுஷா."

அவன் எடுத்தான். எடை பார்த்தான். குழல் வாயில் தூசி இருந்ததோ என்னவோ, இடது உள்ளங்கையால் அதைத் துடைத்தான்.

லோர்னாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

வெர்ன் இருபது வருஷம் அந்த ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தின் மைதானப் பாதுகாப்பு அதிகாரி. துப்பாக்கி கைக்கு வந்தால் முதல் வேலை ஸ்லைடை இழுத்து அறையைப் பார்ப்பது, பார்த்தது போதாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவுவது. கொடுத்தவன் இப்போதுதான் பார்த்தான் என்றாலும் சரி. ஒரு தடவை அறையைப் பார்க்காமல் எடுத்ததற்காக லோர்னாவையே போட்டி நடுவில் வீட்டுக்கு விரட்டியவன். அந்த மனிதன் இப்போது அறையைப் பார்க்கவில்லை. உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதே அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

அவள் மெதுவாகக் கை நீட்டித் துப்பாக்கியை வாங்கினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இன்னிக்கு விக்கல, வெர்ன்."

"என்ன விளையாடறியா? அவங்களே குடுன்னுட்டாங்க. நடுவுல நீ யாரு?"

"நீ அறையைப் பாக்கல."

"நீ பாத்தியே."

"நான் பாத்தேன்னு நீ என்னிக்கு நம்பியிருக்க?"

வெர்னின் கழுத்து சிவந்தது. "என் பொண்ணு ஓதிட்டுப் போயிருக்கா. ஹைவேல டுவேன் கடை இல்லையா? அவன் இருமல் மருந்து மாதிரி வித்துத் தள்ளுவான்." கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினான்.

லோர்னா டுவேனைப் போனில் கூப்பிட்டாள். இவள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் கொத்திக்கொண்டு போகக் காத்திருப்பவன் அவன். "வெர்ன் வருவான். குடுக்காத."

"சரி, கடையை மூடிடறேன். நீ அவனைப் பாரு" என்றான் டுவேன்.

ஜன்னல் வழியே பார்த்தாள். வெர்னின் வண்டி கிளம்பவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போய், பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். வெர்ன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்வையைத் திருப்பாமலே கேட்டான். "நான் அறையைப் பாத்திருந்தா?"

பொய் சொல்லலாமா என்று லோர்னா நினைத்தாள். சொல்ல வாய் வரவில்லை.

"வித்திருப்பேன். பேப்பர்ல சுத்தி, கையில குடுத்து, போட்டிக்கு வந்துருன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெர்ன் திரும்பி அவளையே பார்த்தான். பிறகு சாவியை உருவி அவள் மடியில் வைத்தான்.

"இந்தப் பக்கம் வந்து நீ ஓட்டு" என்றான். "டெசா வீட்டுக்கு."