குளிசை போட்டீங்களா

வெள்ளிக்கிழமை சாயந்தரம் குவைத்திலிருந்து அழைப்பு வந்தால் றேணுகாவின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "குளிச போட்டீங்களா?" சாப்பாடு, மழை, ஊர்க்கதை எல்லாம் அதற்குப் பிறகு. அதற்கெல்லாம் நேரம் வருவதற்குள் அவள் வேலை செய்யும் வீட்டு மேடம் மணி அடித்துவிடுவாள். மணி கேட்டால் போதும், றேணுகா பாதிச் சொல்லில் போனை வைத்துவிடுவாள்.

அவள் கணவன் சாந்தகுமாருக்குக் கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவள் வெளிநாடு போனதிலிருந்து, கடை மூடிய கையோடு ஹந்தானை மலை ரோட்டில் ஓடத் தொடங்கியிருந்தான். கேட்டவர்களிடம் உடம்புக்கு நல்லது என்றான். சும்மா சொன்னது. பூட்டைத் திறந்தால் 'வந்துட்டீங்களா' என்று கேட்க ஆளில்லாத வீட்டுக்கு எவ்வளவு பிந்திப் போகலாமோ அவ்வளவு பிந்திப் போக அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

புருஷன் மலையேறி ஓடுகிறான் என்று கேட்டபின் றேணுகா சும்மா இருப்பாளா? மேடத்தின் மகன் ஜிம்முக்குப் போகிறவன். அவன் விழுங்குகிற அதே விற்றமின் சீ, விற்றமின் ஈ குளிசைப் போத்தல்களை வாங்கி, ஊருக்கு வருகிற பெண்களின் பெட்டிகளில் திணித்து அனுப்பினாள். வெளிநாட்டுச் சாமான் என்றால் வெறும் போத்தலுக்கும் நம் ஆட்களிடம் மரியாதை உண்டு. சாந்தகுமார் தீர்ந்த போத்தல்களைக் கழுவி அலுமாரிக்கு மேல் அடுக்கி வைத்தான். கால் கடுத்த நாட்களில் ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினான். நல்ல சாமான் கூடினால் கூட நல்லது என்பது அவன் நினைப்பு.

என்ன விழுங்கி என்ன, ஓட்டம் மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது. போன சித்திரைப் புத்தாண்டு மரதன் ஓட்டத்தில் மேட்டைக் கண்டதும் மூச்சு முட்டி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடந்தே முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு ஓடுகிறவன் மடவளை ருஷ்தி, ஃபார்மசியில் வேலை. குளிசைக் கதையைக் கேட்டதும் ருஷ்தி தன் தலையில் கை வைத்தான். கடுமையாக ஓடும்போது தசைக்குள் ஒரு கலவரம் நடக்கிறதாம்; அந்தக் கலவரம்தான் உடம்பைப் பலப்படச் சொல்லுகிற சேதியாம். பெரிய அளவில் இந்தக் குளிசைகளைப் போட்டால் அந்தச் சேதி அமுங்கிப்போகலாம் என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். எல்லாருக்கும் அப்படித்தான் என்றில்லை, பழம் சாப்பிடுவதில் பிழையில்லை என்றான்.

"ஒடம்புக்குக் கஷ்டம் தெரியட்டும்ணே," என்றான் ருஷ்தி. "தெரிஞ்சாத்தான் அது தேறும்."

சாந்தகுமார் குளிசையை நிறுத்தினான். ஆனால் றேணுகாவிடம் சொல்லப் பயம். அந்தக் கேள்வியும் போய்விட்டால் தங்களுக்குள் பேச என்ன மிஞ்சும்? அதனால் வெள்ளிக்கிழமைதோறும் "போட்டேன்" என்றே சொன்னான். பொய் பழகிவிட்டது. மேடும் பழகிவிட்டது.

இந்தப் புத்தாண்டு மரதனில் நிற்காமல் ஏறி மூன்றாவதாக வந்தான். பரிசாக ஒரு ரைஸ் குக்கர் கொடுத்தார்கள். ஒற்றை ஆளுக்கு அதில் ஆக்கினால் அடியில்தான் ஒட்டும்.

வெள்ளிக்கிழமை செய்தி கேட்டதும் றேணுகா சின்னப்பிள்ளை போலச் சிரித்தாள். எல்லாம் தன் குளிசை செய்த வேலை என்றாள். அங்கே வேலைக்கு வந்திருக்கும் கைரியா அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாள், அவளிடம் இன்னும் இரண்டு போத்தல் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அதனாலேயே அவனுக்குப் பொய் வரவில்லை.

"நா அதப் போடுறதில்ல றேணு. நிப்பாட்டி கன நாளாச்சு."

ருஷ்தி சொன்னதையும் சொன்னான். அழைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தான்.

"அப்ப ஒங்களுக்கு நா வேற என்னத்தங்க அனுப்புறது?" என்றாள் றேணுகா.

இத்தனை காலமும் அவன் விழுங்கி வைத்திருந்தது அப்போதுதான் வாயில் வந்தது.

"ஒன்னும் அனுப்ப வேணாம். நீ இல்லாத வீட்டுக்கு வரப் புடிக்கல. அதுக்குத்தான் ஓடுறேன்."

அங்கே மணி அடித்தது. சாந்தகுமார் போன் வைக்கப்படும் சத்தத்துக்குக் காத்திருந்தான். மணி மறுபடியும் அடித்தது, கொஞ்சம் கோபமாக. றேணுகா அழுதுகொண்டிருந்தாள், போனை வைக்கவில்லை.