கரைக்கு நடந்துவந்த மிதவைகள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் கரையில் ஊர் மொத்தமும் கடலுக்குள் நிற்கும். குளிக்க என்றுதான் பேர். கழுத்தளவு தண்ணீரில், தலையில் தொப்பியோடு நின்றுகொண்டு, யாருக்கு முழங்கால் வலி, எந்தக் கிரிக்கெட் ஆட்டக்காரனுக்குப் புத்தி மழுங்கிவிட்டது, பாதிரியார் போன வாரம் ஏன் அத்தனை நேரம் பேசினார் என்று எல்லாவற்றையும் அலசி முடித்த பிறகுதான் கரையேறுவார்கள். பார்படோஸின் மேற்குக் கரையில் காலைக் கடல் அவ்வளவு சாது. அலை வந்து போவதே தெரியாது.

அந்தக் கூட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஆழத்தில் மல்லாந்து மிதப்பாள் ஐவலின். ஓட்டல் சமையலறையில் வாரம் முழுக்க நின்று வீங்கிய கால்களுக்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் அது. இடம் மாறவே மாறாது. கரையிலிருக்கும் சவுக்கு மரத்துக்குப் பின்னால் சர்ச் கோபுரம் மறைந்து, உச்சியிலுள்ள சிலுவை மட்டும் மரத்துக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே போய்க் கண்ணை மூடுவாள். அதன் பிறகு அவளுக்கு உலகம் கிடையாது.

அவள் புருஷன் கார்வினுக்கு இந்த மிதப்பெல்லாம் ஆகாது. தண்ணீர்மேல் சீறிப் பாயும் இரண்டு ஜெட் ஸ்கி வண்டிகளை வைத்துச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன் அவன். கெட்டவன் இல்லை. ஆனால் இந்தக் கடலே தன் அப்பன் வீட்டு முற்றம் என்பதுபோல் ஒரு நினைப்பு உண்டு.

போன வருஷம் பக்கத்துக் குடாவில் நீந்திக்கொண்டிருந்த ஒருவர்மேல் அப்படி ஒரு வண்டி ஏறி, கால் போயிற்று. அதன் பிறகு புது விதிகள் வந்தன. குளிப்பவர்களைச் சுற்றி மஞ்சள் மிதவைகள் கட்டினார்கள். அதற்கு உள்ளே வண்டி வரக்கூடாது. கரைக்கு வந்து ஆள் ஏற்ற வடக்குக் கோடியில் தனிப் பாதை. இதை எடுத்துச் சொல்ல வந்த கடற்கரை அதிகாரி வெரோனா, கார்வினோடு ஒரே வகுப்பில் படித்தவள். பழக்கம் இருந்தால் வாயும் நீளும் அல்லவா?

"ஏம்மா வெரோனா, பாறைக்குப் பக்கத்துல போய்ப் பாதை போட்டிருக்கே. அங்க எவன் வந்து துண்டை விரிச்சுப் படுக்கிறான்? நண்டுக்கா வண்டியை வாடகைக்கு விடுறது?"

"நண்டு ஓட்டுச்சுன்னா விட்டுக்கோ. குளிக்கிறவங்க நடுவுல மட்டும் விடாதே."

"எஞ்சின் சத்தம் ஊருக்கே கேக்குது. கேட்டா விலகிக்கிட்டுப் போறாங்க. காது எதுக்கு இருக்கு?"

"கால் போனவருக்கும் ரெண்டு காது இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வெரோனா போய்விட்டாள்.

அதன் பிறகுதான் அந்த அதிசயம் தொடங்கியது. மிதவைகள் கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன. ஒரேயடியாக அல்ல, யாரும் திடுக்கிடாதபடி, தூக்கத்தில் நடப்பவரைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக. எல்லை உள்ளே வர வர, கார்வினின் வண்டிகளும் மணலில் படுத்திருப்பவர்கள் கூப்பிடும் தூரத்துக்கு வந்துவிட்டன. வெரோனா தலையைச் சொறிந்தாள். "நீரோட்டம் இழுக்குதுபோல. இன்னும் பெரிய கல்லாக் கட்டச் சொல்லணும்."

"கடல் யார் பேச்சைக் கேக்குது!" என்று கார்வின் பெருமூச்சு விட்டான்.

அடப்பாவி! கடல் அந்தக் கல்லைத் தொடவே இல்லை. அந்தி நேரத்தில் குளிப்பவன்போல இறங்கி, முங்கி, மிதவை கட்டிய கான்கிரீட் கல்லை மணலோடு மணலாக உருட்டியவன் அவன்தான். விரல்களெல்லாம் சிராய்த்துப் போயின. வண்டியின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டினேன் என்று வீட்டில் சொன்னான். ஐவலின் கற்றாழையைக் கீறி, ஒவ்வொரு விரலுக்கும் ஊதி ஊதித் தடவினாள். அப்போது அவனுக்குக் கொஞ்சம் கூசத்தான் செய்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் அவனை விடவில்லை.

"கடலை வச்சுப் பொழைக்கிறே. ஒருநாளாவது அதுல சும்மா படுத்திருக்கியா? வா. கடையை டேரன் பாத்துக்குவான்."

டேரன் அவனுடைய சித்தப்பா மகன், வண்டி வாடகைக் கடைக்குத் துணை. கார்வின் முணுமுணுத்துக்கொண்டே மனைவியின் பின்னால் நீந்தினான். வழியில் மஞ்சள் மிதவை அவன் தோளைத் தொட்டது.

"பாரேன், இன்னும் கிட்ட வந்துடுச்சு" என்றாள் ஐவலின்.

"நீரோட்டம்" என்றான். இந்தக் காலை நேரத்தில் வண்டி ஓட்ட எவன் வரப்போகிறான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அவளோடு மிதவையைக் கடந்து போனான்.

சிலுவை தெரிந்தது. அவள் மல்லாந்தாள். அவனும் மல்லாந்தான். தண்ணீர் காதுகளை மூடியதும் ஊர்ப் பேச்செல்லாம் அணைந்துபோயிற்று. தன் மூச்சு தனக்கே கேட்டது. பாறை இடுக்குகளில் எதுவோ பொரிவதுபோல் மெல்லிய சத்தம். மேலே மேகங்கள் வேலைவெட்டி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் விரல் நுனி அவன் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் இதைத் தெரியாமலா இருந்தோம் என்று நினைத்தான். கண் சொக்கியது.

அந்தச் சொக்கலுக்குள் ஒரு ரீங்காரம் வந்தது. முதலில் அதுவும் சுகமாகத்தான் இருந்தது. தன் வண்டியின் சத்தம்தான். தூக்கத்திலும் அவனுக்கு அது தெரியும். எங்கோ தூரத்தில் என்று நினைத்தான். முதுகுக்கு அடியில் கேட்டது. தலைமாட்டில் கேட்டது. கால்மாட்டிலும் கேட்டது. விலகலாம் என்றால் எந்தப் பக்கம் விலகுவது? தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை தெரியாது என்பது, பிறந்ததிலிருந்து கடலோரம் கிடந்தவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தலையைத் தூக்கினான். வண்டியின் நீல மூக்கு நேராக வந்துகொண்டிருந்தது. ஐவலினுக்கு இன்னும் கண் மூடியே இருந்தது; முகத்தில் லேசான சிரிப்பு.

"ஐயோ ஐவலின்!" என்று கத்தி, அவள் கையைப் பிடித்து இழுத்தான். ஓட்டியவன் வண்டியை ஒடித்துத் திருப்பினான். அது ஐவலினின் தோளை உரசிக்கொண்டு சாய, ஓட்டியவன் தெறித்துத் தண்ணீரில் விழுந்தான். எஞ்சின் நின்றது. தண்ணீர் சிவந்து, கலைந்தது.

கரையில் எல்லாரும் வண்டி ஓட்டிய பையனைப் பிடித்துக்கொண்டார்கள். டொராண்டோவிலிருந்து தேனிலவுக்கு வந்தவன், இருபத்தைந்து வயது இருக்கும்.

"கண்ணு பொடனியிலயா இருக்கு உனக்கு?" என்று பாய்ந்தார் பழைய பஸ் டிரைவர் ஹோல்டர்.

"நான் மஞ்சளைத் தாண்டலைங்க. மஞ்சளுக்கு வெளியவே ஓட்டுன்னாங்க. வெளியவேதான் ஓட்டினேன்!"

"ஆமா, நான்தான் அப்படிச் சொல்லி அனுப்பினேன்" என்றான் டேரன், வெளிறிப்போய்.

ஓடிவந்த வெரோனா, ஐவலினின் தோளில் துணியை வைத்து அழுத்தினாள். காயம் ஆழமில்லை. பயம் தெளிந்ததும் வெரோனாவுக்குக் கோபம் வந்தது. "உனக்குத்தான் புத்தி எங்கே போச்சு? எல்லைக்கு வெளிய போய் மிதக்கலாமா?"

"நான் எங்கேயும் போகலை வெரோனா" என்றாள் ஐவலின். "மரத்துக்கு மேல சிலுவை. கல்யாணம் ஆனதுலேருந்து என் இடம் அதுதான். அங்கேயேதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சிராய்த்த விரல்களைப் பார்த்தாள். நேற்று அவள் கற்றாழை தடவிய காயங்கள் உப்புத் தண்ணீரில் வெளுத்துத் தெரிந்தன.

"இதுவும் நீரோட்டமா, கார்வின்?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் இருந்தது, மனசு இல்லை. "அந்தப் பையனை விடுங்க" என்றான் கடைசியில். "அவன் சரியாத்தான் ஓட்டினான். கல்லை உருட்டினது நான்." அப்புறம் மணலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

வெரோனா அவனது உரிமத்தை அங்கேயே நிறுத்திவைத்தாள். பழகியவன் என்று அன்று அவள் பார்க்கவில்லை. கார்வினும் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை.

ஐவலின் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலில் கோபம் இருந்தது, ஆனால் கத்தவில்லை. "சட்டம்னா யாரோ ஊர் பேர் தெரியாதவனுக்குப் போட்டதுன்னு நெனச்சுத்தான் எல்லாரும் வளைக்கிறோம். வளைச்ச இடத்துல வந்து நிக்கிறது நம்ம ஆளாத்தான் இருக்கும். இனிமேலாவது அதை மறக்காதே. இப்ப எந்திரி. உருட்டினவனே திருப்பி உருட்டு."

இறங்கினான். கடல்தரை வெளிப்பக்கம் சரிந்துதான் இறங்குகிறது; ஆனாலும் வெளியே உருட்டும்போது அது ஏறிக்கொண்டே போனதுபோல் இருந்தது அவனுக்கு. முங்கினான், தள்ளினான், மூச்சுக்கு மேலே வந்தான். தோளில் கட்டோடு ஐவலின் தண்ணீர் விளிம்பில் நின்று கூவினாள்.

"சிலுவை தெரியுதா?"

"தெரியலை!"

"அப்ப இன்னும் தள்ளு!"

மறுபடி முங்கினான். நெடுநேரம் கழித்து, மஞ்சள் மிதவையைக் கட்டிப்பிடித்தபடி தலை தூக்கினான். சவுக்கு மரத்துக்கு மேலே சிலுவை எட்டிப் பார்த்தது.

"தெரியுது ஐவலின்! தெரியுது!"

"அங்க நிறுத்தாதே. அதுக்கும் அந்தாண்ட போ" என்றாள் அவள். "நான் கையைக் காலை நீட்ட வேண்டாமா?"