பின்சீட்டுத் தும்மல்

செஞ்சியில் பழைய கார் விற்ற அன்வர் பாஷா வாயைத் திறந்தால் முக்கால்வாசி புளுகு. அது அவருக்கும் தெரியும், வாங்க வருகிறவர்களுக்கும் தெரியும். டாங்கியில் பெட்ரோல் வாசனை இருந்தால் போதும், வண்டி திண்டிவனம் போய்த் திரும்பிவிடும் என்பார். ஒரு ஜில்லா கலெக்டரின் மனைவி கோயிலுக்கு மட்டும் போய்வந்த கார் என்று அவர் விற்ற வண்டிகளைக் கணக்கெடுத்தால், அந்த அம்மாள் கோயிலை விட்டு வீட்டுக்கே வந்திருக்க மாட்டாள். அறுபதுகளின் நடுப்பகுதி அது. புதுக் காருக்குப் பெயர் எழுதிவைத்தால், பேரன் மீசை முளைத்துப் போய்ச் சாவி வாங்கிவரும் காலம். ஆகையால் பாஷாவின் புளுகுக்கு நல்ல கிராக்கி இருந்தது.

ஆனாலும் ஒரு சொல்லில் மட்டும் அவர் விளையாடியதில்லை. விலை பேசி முடித்ததும் வண்டியின் பானெட்டில் வலது கையை வைத்து, "இதுல யாரும் செத்ததில்ல" என்பார். அவ்வளவுதான். அதைச் சொல்வதற்காக வண்டி வந்த ஊருக்கே பஸ் ஏறிப் போய், டீக்கடையில் விசாரித்து, சவரம் செய்கிறவரிடம் விசாரித்து, அந்த வீட்டுத் துணி வெளுக்கிறவர்களிடம் விசாரித்துவிட்டு வருவார். என்ஜின் போனால் வேறு என்ஜின் வைக்கலாம். ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறவனை எந்த மெக்கானிக் கழற்றுவான்? அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவலூர்பேட்டையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் அவரிடம் வந்தார்கள். அது போனால் பாஷாவின் கடையில் மிச்சமிருப்பது இரும்புதான்.

மற்றபடி நல்ல மரியாதைக்காரர். அவருடைய அம்மா ரோஷன் பீ வளர்த்த வளர்ப்பு. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பார், யாராவது தும்மினால் "யர்ஹமுகல்லாஹ்", அல்லாஹ் உமக்கு இரங்கட்டும், என்று உடனே சொல்லிவிடுவார். தும்முகிறவன் எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்க மாட்டார். ஒருமுறை கோர்ட்டில் ஜட்ஜு தும்ம, சாட்சிக் கூண்டில் நின்ற பாஷா துவா சொல்லி, கேஸே தள்ளிப்போனதாக ஊரில் பேச்சு உண்டு.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை, விசாரிக்காமல் பானெட்டில் கை வைத்தார்.

அது அனந்தபுரம் மிராசு ரங்கநாதனின் கறுப்புக் கார். அவர் காலமான பிறகு அக்காள் மகன் ராஜாராம் விற்பதற்காக ஓட்டிக்கொண்டு வந்தான். சித்திரை வெயிலில் வண்டி பளபளத்தது. ராஜகிரிக் கோட்டை உச்சி வரைக்கும் தலைகீழாக அதன் பானெட்டில் தெரிந்தது. கண்ணு நல்லாயிருந்தா மேலே திரியும் குரங்கைக்கூட எண்ணலாம் என்று பாஷா பிற்பாடு சொல்வார். மாமா எப்படிப் போனார் என்று கேட்க வாய் வரை வந்தது. ராஜாராமோ பாஷாவின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல வண்டி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் பாஷா கேள்வியை விழுங்கிவிட்டார். நாளைக்கு அனந்தபுரம் போய் விசாரித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

மறுநாள் பாஷா பஸ் ஏறுவதற்குள் சீதளநாதன் வந்துவிட்டார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரி, சமணர், ஊரில் எல்லாருக்கும் அவர் நைனார். டயருக்கு முன்னால் எறும்பு இருந்தால் விசிறியால் மெல்ல ஒதுக்கிவிட்டு வண்டி எடுக்கக் கூடியவர், பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்காதவர். வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். பிடித்துப்போயிற்று. பேச்சு முடிந்தது. பாஷாவின் கை பழக்கத்தில் தானாகவே பானெட்டுக்குப் போயிற்று. உச்சி வெயிலில் தோசைக்கல்லாகக் கொதிக்க வேண்டிய தகரம், பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது. கையை எடுப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

மூன்றாம் நாள் நைனார் நடந்து வந்தார். வண்டி தும்முகிறது என்றார்.

வாங்கிய அன்று வீடு வரை பேசாமல் வந்தது. மறுநாளிலிருந்து, சாவியைத் திருப்பிப் புறப்படுகிற நேரம் பார்த்துப் பின்சீட்டிலிருந்து ஒரு தும்மல். ஒன்றே ஒன்று. வயசான ஆளின் கனத்த தும்மல், கூடவே மூக்குப்பொடி நெடி. புறப்படும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் யார்தான் கிளம்புவார்கள்? உள்ளே போய்த் தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிட்டு மறுபடி வந்தார். மறுபடி தும்மல். மறுபடி தண்ணீர். நைனார் குடித்த தண்ணீரில் அவர் வீட்டுக் கிணற்றில் வாளி தரை தட்டியது. வண்டி மட்டும் வாசல் தாண்டவில்லை.

பாஷா கலகலவென்று சிரித்தார். கார்பரேட்டர் கோளாறு, அது அப்படித்தான் தும்மும், சீமையில் பிறந்த வண்டிக்கு நம்ம ஊர்ப் புழுதி ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் விளக்கினார். என்ஜின் முன்னால் இருக்கிறது, தும்மல் பின்னால் கேட்கிறது என்று நைனார் சொன்னதற்கு, சத்தம் சுற்றிக்கொண்டு வரும் என்றார். சிரிக்கும்போதே வலது உள்ளங்கையில் அந்தச் சில்லிப்பு ஏறியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மெக்கானிக் அரிகிருஷ்ணனை அனுப்பிவைத்தார். அவன் கார்பரேட்டரைக் கழற்றிக் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தான். என்ஜின் செத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் பின்னால் தும்மல் கேட்டது. அரிகிருஷ்ணன் கார்பரேட்டரைக் குழந்தையைப் படுக்க வைப்பது போல மண்ணில் வைத்தான். கையைக் கழுவினான். ஸ்பேனர் பெட்டியைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தவன், காய்ச்சல் விட்டு எழுந்ததும் பாஷாவிடம் வந்து ஒன்றுதான் சொன்னான்.

"சீட்டு அமுங்கியிருக்குது பாய். ஆளு குந்துன பள்ளம். கைய வச்சிப் பாத்தேன், சூடு இருக்குது."

அதற்குப் பிறகு விஷயம் காற்றில் பறந்தது. சந்தை நாளில் நைனார் அரிகிருஷ்ணனைக் கொண்டே கார்பரேட்டரைத் திரும்ப மாட்டவைத்து, வண்டியைக் கயிறு கட்டி, மாடு பூட்டி இழுத்துவந்து பாஷாவின் கடை வாசலில் நிறுத்தினார். மூட்டையை இறக்கிப்போட்டுவிட்டு ஜனம் கூடிவிட்டது. எதிரே இட்லிக் கடை போட்டிருந்த ஆண்டாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னா பாய், வண்டி வாங்குனா ஒரு ஆளு இனாமா?"

கூட்டம் சிரித்தது. நைனார் சிரிக்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. பானெட்டில் கை வைத்துச் சொன்ன சொல்லை நம்பித்தான் வாங்கினேன் என்றார். இப்போது பாய் பின்சீட்டில் ஏறி உட்காரட்டும், இரண்டு பேருமாக அனந்தபுரம் போய் மிராசு எப்படிப் போனார் என்று கேட்போம். யாரும் சாகவில்லை என்றால் நான் இனி வாய் திறக்க மாட்டேன். செத்திருந்தால், அடுத்த சந்தையில் இதே இடத்தில் நின்று பாய் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கப்புறமும் இவரிடம் கார் வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.

பாஷாவால் மறுக்க முடியுமா? அவலூர்பேட்டை அரிசி மில்காரர் அங்கேதான் நின்றார், மறுநாள் ஒரு வண்டி எடுப்பதாக இருந்தவர். வாங்க நைனாரே, கார்பரேட்டருக்குப் பயப்படுகிறவன் இந்தப் பாஷா இல்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து ஏறினார்.

ஏறின உடனே தெரிந்துவிட்டது. அவர் உட்கார்ந்தது வலது பக்கம். இடது பக்கத்துச் சீட்டு ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. அந்தச் சரிவில் பாஷாவின் உடம்பு அந்தப் பக்கமாகச் சாயப் பார்த்தது. கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மூக்குப்பொடி நெடி, அதற்கடியில் பழைய சந்தன வாசனை. பேட்டரி இறங்கியிருந்ததால் கடை வாசல் மேட்டிலிருந்து நாலு பேர் தள்ளிவிட, நைனார் முன்னால் பார்த்தபடி வண்டியைக் கிளப்பினார். என்ஜின் உறுமி அடங்கிச் சீரானது.

காதுக்குப் பக்கத்தில் தும்மல் வெடித்தது.

"யர்ஹமுகல்லாஹ்" என்றார் பாஷா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. ஆண்டாள் ஜன்னலுக்குள் குனிந்து, கேலியே இல்லாத குரலில் கேட்டாள்.

"கார்பரேட்டருக்கா பாய் துவா பண்ணுன?"

பாஷாவுக்குப் பக்கத்தில் யாரோ நீளமாக ஒரு மூச்சு விட்டார்கள். ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்த ஆளுக்கு நாற்காலி கிடைத்தால் வருமே, அந்த மாதிரி மூச்சு. அப்புறம் வண்டி நகர்ந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் வீட்டுக்குள் ஓடிய நைனார், அன்றைக்கு ஏன் நிறுத்தவில்லை என்று அவருக்கே தெரியாது.

அனந்தபுரம் போகும் வரைக்கும் நைனார் உள்கண்ணாடியை மேலே திருப்பி வைத்திருந்தார். அதில் மலையும் பாறையும்தான் தெரிந்தன, பின்சீட்டு தெரியவில்லை. பாஷா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனார். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒரு தோள் அவர் தோளில் வந்து இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் பாஷா மெதுவாக, மன்னிக்கணும் என்றார்.

ராஜாராம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். வண்டியைக் கண்டதும் அவன் பாஷாவைப் பார்க்கவில்லை, நைனாரைப் பார்க்கவில்லை. பாஷாவுக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்தான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால் வரை விட்டான்.

பிறகு கேட்காமலேயே சொன்னான். மாமாவுக்கு மூக்குப்பொடி பழக்கம். அவர் தும்மினால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் "நூறு" சொல்ல வேண்டும், நூறு வயசு இரு என்று. மாடு மேய்க்கிறவன்கூட வயலிலிருந்து கத்துவான். அன்றைக்கு நெஞ்சு வலிக்கிறது என்று விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். முதல் நாள்தான் நிலத் தகராறில் மாமாவுக்கும் மருமகனுக்கும் மனம் முறிந்திருந்தது. வண்டியைக் கிளப்பும்போது மாமா தும்மினார்.

"நூறு சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தாரு. நான் சொல்லல. இன்னொரு வாட்டி தும்முனாரு. அப்பவும் வாய மூடிக்கினுதான் ஓட்டுனேன். திரும்பிப் பாத்தா, சீட்டுலயே உயிரு போயிருக்குது."

திரும்பும்போது மலைகளுக்குப் பின்னால் பொழுது இறங்கிவிட்டது. நைனார் அன்றிரவு பட்டினி.

அடுத்த சந்தையில் பாஷா அதே இடத்தில் நின்றார். விசாரிக்காமல் சொன்னேன், இதில் ஒரு பெரியவர் இறந்திருக்கிறார் என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். மில்காரர் வேறு ஊரில் போய்க் கார் வாங்கினார். அதற்கப்புறம் பாஷா பானெட்டில் கை வைத்தாலும் ஜனம் அந்தக் கையைத்தான் பார்த்தது, வாயைக் கேட்கவில்லை. அவலூர்பேட்டைப் பக்கத்து ஆள் ஒருத்தர்கூட வரவில்லை. கடையில் நாலு வண்டி நின்ற இடத்தில் ஒன்று நின்றது, அதன் மேல் கோழி ஏறிப் படுத்தது.

வேடிக்கை என்னவென்றால், கறுப்புக் கார் அதன் பிறகு தும்மவேயில்லை. அது தெரிந்து நைனாரே ஒருநாள் வந்து, திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன என்று சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்தார்.

"ஆளு இருக்கிற வூட்ட விக்கக் கூடாது நைனாரே" என்றார் பாஷா. அதை அவரே வைத்துக்கொண்டார். எங்கே போனாலும் தனியாகத்தான் போனார். இடது பக்கத்துப் பின்சீட்டில் மட்டும் சாமான் எதுவும் வைப்பதில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு விடியற்காலை, கோட்டை அடிவாரத்து ரோட்டில் பாஷா ஒண்டியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனார். பனி மூடிக் கோட்டையின் மூன்று மலையும் காணாமல் போயிருந்தது. இரண்டு முழத்துக்கு அப்பால் உலகமே இல்லை. ஊதக்காற்று மூக்கில் ஏறி, வண்டியே ஆடும்படி ஒரு தும்மல் போட்டார்.

"நூறு" என்றது பின்சீட்டு.

பாஷா திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தில் உடம்பு சிலிர்த்து இன்னொரு தும்மல் வந்துவிட்டது.

"எரநூறு."

பெரியவர் குரலில் அவ்வளவு திருப்தி. மூன்றாவது, மூக்கு நுனியில் வந்து நின்றது. பாஷா ஒரு கையால் வண்டியை ஓட்டி, மறு கையால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். முந்நூறு வருஷம் இந்தச் செஞ்சியில் பழைய கார் விற்றுக்கொண்டு கிடக்க அவருக்குத் தெம்பில்லை.