நேரம் எழுதாத கோடு

ஸ்கேல் மாமா யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைத்தான் பார்ப்பார். வாங்க என்று வாயெடுத்தவர்கள் அப்படியே நிற்க, அவருடைய கண் மட்டும் தரையிலிருந்து கூரை வரை ஒருமுறை ஏறி இறங்கும். அதற்குப் பிறகுதான் "சௌக்கியமா?" வரும். சட்டைப்பையில் எப்போதும் ஓர் அடி நீள ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். தையல்காரரிடம் சொல்லி அதற்கென்றே பையை ஆழமாகத் தைத்திருந்தார். அப்படியும் நாலு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு, குனிந்தால் தாடையில் குத்தும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்பதற்குத் தெருவில் மூன்று கதைகள் உலாவுகின்றன. மூன்றுமே நம்பும்படி இல்லை.

வேலை, நகராட்சியில் ஆற்றங்கரைப் பிரிவில் வரைபடம் போடுவது. ஆற்றோரம் எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று ஒரு சிவப்புக் கோடு உண்டு. வெள்ளக்கோடு என்பார்கள். அதற்கு ஆற்றுப்பக்கம் மாட்டிக்கொண்ட வீட்டில் மாடி எடுக்க முடியாது, கீழ்த்தளத்தில் யாரும் படுத்துத் தூங்கவும் கூடாது. இந்தப் பக்கம் இருந்தால் அவரவர் இஷ்டம். கோட்டை வரைந்த கை ஸ்கேல் மாமாவுடையது. அதனால் பாதிப் பேர் அவரைக் கண்டால் அளவுக்கு மேல் சிரிப்பார்கள், மீதிப் பேர் வேறு சந்தில் திரும்பிவிடுவார்கள்.

அந்தப் படம் பதினோரு வருஷமாக 'தற்காலிகம்' என்ற முத்திரையோடு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது பிரிவுக்குத் தலைமை அதிகாரியாக வந்திருக்கும் புது மேடத்துக்குத் தூசி ஆகாது. வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று சொல்லிவிட்டார். கையெழுத்தானால் இருபது வருஷத்துக்கு யாராலும் அசைக்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தங்கச்சியிடமிருந்து போன்.

"அண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போ. முன் ரூம் சுவத்துல ஒரு கோடு வருது. மூணு தடவை பெயிண்ட் அடிச்சாச்சு. மறுநாளே பல்லை இளிக்குது."

போனபோது பெயிண்டர் ஏணியடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி ஆளுக்கொரு காரணம். எதிர்வீட்டு அக்கா, வேலை எதுவும் இல்லாமல் சரியாக அந்த நேரம் பார்த்து வந்தவர், "பெயிண்டுல தண்ணி கலந்திருப்பார்" என்றார்.

"அக்கா, உங்க வீட்டுக்கும் நான்தான் அடிச்சேன்" என்றார் பெயிண்டர்.

"அதனாலதான் சொல்றேன்."

தங்கச்சியின் வீட்டுக்காரர் பின்பக்கக் குழாய் ஒழுகுகிறது என்று அடித்துச் சொன்னார். அவர் எதையும் அடித்துத்தான் சொல்வார். குழாயை மட்டும் இதுவரை தட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஸ்கேல் மாமா சுவரைப் பார்த்தார். செங்காவி நிறத்தில், விரல் தடிமனுக்கு ஒரு கோடு. ஈரக் கசிவு என்றால் மேடும் பள்ளமுமாக வரும். இது நூல் பிடித்ததுபோல நாலு சுவரையும் சுற்றி வந்தது. கதவுப் பலகை மேலும் போயிருந்தது. ஜன்னல் கண்ணாடி மேலும் போயிருந்தது. கசிவு கண்ணாடியில் ஏறாது என்பது பெயிண்டருக்கும் தெரியும், அதனால்தான் அவர் அந்த ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கோடு முடிகிற இடத்தில், சாய்வாக ஓர் இழுப்பு. யாரோ ஏதோ எழுத ஆரம்பித்துக் கையை எடுத்ததுபோல.

கோட்டுக்கு நேர் கீழே தொட்டில் கட்டில். தங்கச்சி மகளின் குழந்தை, நாலு மாதம், மல்லாந்து கிடந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலை இடமிருந்து வலமாக மெல்ல மெல்லத் திரும்பிற்று. நடுவில் கொஞ்சம் நின்றது. மறுபடி நகர்ந்தது. கோடு முடிகிற இடத்தில் நின்றுவிட்டது.

"தினமும் இப்படித்தான் மாமா பார்க்கறான்" என்றாள் தங்கச்சி மகள். "பல்லி ஏதாவது ஓடுதான்னு நானும் தேடிட்டேன்."

ஸ்கேல் மாமா ஸ்கேலை எடுத்துத் தரையிலிருந்து அளந்தார். நாலு தடவை வைத்து எடுத்து, மேலே ஏழு அங்குலம். நாலடி ஏழு அங்குலம். ஸ்கேல் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்த சத்தத்துக்கும் குழந்தை திரும்பவில்லை.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்லை. கசிவுதான்."

அவர் வாழ்க்கையில் சொன்ன இரண்டாவது பொய் அது. முதலாவது பொய்யே இல்லை என்று பதினோரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிவந்தார்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் ஆறு பெருகியபோது, வளைவில் இருக்கும் பம்ப் ஹவுஸில் ஓர் ஆபரேட்டர் வேலையில் இருந்தார். மோட்டாரை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. மனிதர் நகரவில்லை. தண்ணீர் ஏற ஏற, மோட்டாருக்கு அடிக்க வைத்திருந்த சிவப்புப் பெயிண்டைத் தொட்டுச் சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதினார். பகல் பன்னிரண்டு மணி. ஒரு மணி. இரண்டு மணி. மூன்று மணி. நாலு கோடு, நாலு நேரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியதுபோல அழகாக. அதற்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில், ஐந்தாவதாக ஒரு கோடு. அதற்கு மட்டும் நேரம் இல்லை. ஆபரேட்டர் மூன்று நாள் கழித்துக் கிடைத்தார். பிரஷ் ஜன்னல் கம்பியில் செருகியபடியே இருந்தது.

வெள்ளக்கோட்டை முடிவுசெய்ய அந்தச் சுவரை விட நல்ல சாட்சி ஊரில் இல்லை. ஆனால் பிரிவில் ஒரு விதி உண்டு. தேதியும் நேரமும் இல்லாத அடையாளம் செல்லாது. யார் வேண்டுமானாலும் பின்னால் வந்து கிறுக்கியிருக்கலாம் அல்லவா? ஐந்தாவது கோட்டை எடுத்துக்கொண்டால் ஆற்றோரம் மூன்று தெருக்கள் உள்ளே போகும். நாலாவதோடு நிறுத்தினால் இரண்டு. மூன்றாவது தெருவில்தான், பதினோரு வருஷத்துக்கு முன், அவர் கோட்டை முடிவுசெய்வதற்கு முந்தின வாரம், தங்கச்சியின் வீட்டுக்காரர் மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தார்.

ஸ்கேல் மாமா கோப்பில் முத்து முத்தாக எழுதினார்: 'ஐந்தாவது அடையாளம். நேரக் குறிப்பு இல்லை. ஏற்கத்தக்கதல்ல.' விதிப்படி அதன் ஒவ்வோர் எழுத்தும் உண்மை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மட்டும், மனசு கேட்காமல், டிக்கெட்டின் பின்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐந்தாவது கோட்டின் மட்டத்தை மச்சான் மனை வரை கொண்டுபோனால், கட்டப்போகிற வீட்டின் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? நாலடி ஏழு அங்குலம். டிக்கெட்டை எட்டாகக் கிழித்து ஜன்னல் வழியே விட்டார். அந்த எண் அவரைத் தவிர இன்னொரு ஜீவனுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கோப்பைப் பிரித்தார். பம்ப் ஹவுஸ் சுவரின் புகைப்படம். ஐந்தாவது கோட்டின் முனையில், சாய்வாக ஓர் இழுப்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னும் அது இருந்திருக்க வேண்டும். அப்போது அதை அவர் கோப்பில் குறிக்கவில்லை.

மேடம் அறைக்குக் கோப்பைத் தானே எடுத்துப் போனார். சாதாரணமாக அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற ஆள்.

"இந்த ஐந்தாவதை ஏன் தள்ளியிருக்கீங்க?" என்று கேட்டார் மேடம்.

மாமாவுக்கு நெஞ்சில் கட்டியிருந்த கயிறு தளர்ந்ததுபோல இருந்தது. "நேரம் இல்லை மேடம்."

இனி அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்தது வரும், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று காத்திருந்தார். மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், படத்தைப் பார்த்தார், மறுபடி புத்தகம்.

"சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. இவ்வளவு சுத்தமா கோப்பு வெச்சிருக்கறவங்களை நான் பார்த்ததில்லை."

பாராட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் முகம் திட்டு வாங்கியவனுடையதைவிட மோசமாக இருந்ததாக டெஸ்பாட்ச் பெண்மணி அன்றே நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தங்கச்சி வீட்டு வாசலில் மறுபடி ஸ்கேல் மாமா. நாலாவது தடவை பெயிண்ட் அடித்திருந்தார்கள். கோடு வந்திருந்தது. முனையில் சாய்ந்த இழுப்போடு இன்னும் இரண்டு இழுப்பு சேர்ந்து, இப்போது அது 4 என்ற எண்.

"என்னண்ணா, வாரத்துல ரெண்டு தடவை வர்றே? வீட்டுல அடுப்பு எரியலையா?"

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். வெள்ளக்கோடு உங்க தெருவைத் தாண்டிப் போச்சுன்னா என்ன பண்ணுவே?"

தங்கச்சி கையில் இருந்த கரண்டியோடு திரும்பினாள். மாடி கட்டி வாடகைக்கு விடுவது, கீழே மகளும் குழந்தையும் நிம்மதியாக இருப்பது, இதுதான் அவளுடைய பத்து வருஷக் கனவு. படம் கையெழுத்தானதும் அனுமதிக்கு எழுதிப் போட மனுகூட ரெடி.

"கீழே படுக்கக் கூடாது, மேலே கட்டக் கூடாது. அப்போ நடுவுல தொங்கறதா?"

"இல்லம்மா, தண்ணி வந்தா..."

"வந்தா வரட்டும். நீதானே சொன்னே வராதுன்னு. உன்னை நம்பித்தானே வாங்கினோம். இப்போ மாத்தினே, அண்ணன்னு ஒருத்தன் எனக்கு இல்லை. சோத்தைச் சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் சிவப்புப் பெயிண்ட் வாசனை அடித்தது. பெயிண்டர் அடித்ததோ வெள்ளை.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குப் போகவில்லை. போகாதது முப்பது வருஷத்தில் அது மூன்றாவது தடவை. தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் கடைக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்த தங்கச்சி மகள், "உள்ளே வாங்க மாமா, இவனைக் கொஞ்சம் பார்த்துக்குங்க, துணி அலசிட்டு வந்துடறேன்" என்று பின்பக்கம் போய்விட்டாள்.

அறையில் குழந்தையும் அவரும். நல்ல வெயில். ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் கோட்டுக்கு மேலே பளிச்சென்று இருந்தது. கோட்டுக்குக் கீழே, அதே வெயில், தண்ணீருக்குள் விழுந்ததுபோலக் கலங்கி ஆடியது. மாமா தன் கையை நீட்டினார். கையும் ஆடியது. நெஞ்சு வரை குளிர்ந்தது.

குழந்தையின் தலை இடமிருந்து வலமாகத் திரும்பத் தொடங்கிற்று.

இந்தத் தடவை அவரும் கூடவே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பிரஷ் சுவரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நிதானமான சத்தம், அவசரமே இல்லாமல், வேலையை ஒழுங்காக முடிக்கிற ஆளின் சத்தம். 4-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்தது, அதையடுத்து ஈரமாக ஒரு கோடு இறங்கியது. அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றி வந்து மூடியது. அதிலிருந்து ஒரு சொட்டு வழிந்து தொட்டில் கட்டிலின் விளிம்பில் விழுந்தது.

4.10.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியதுபோல, அழகாக.

"இவ்வளவு நாள் இதைச் சொல்லத்தான் அலைஞ்சீங்களா?" என்று மெல்லக் கேட்டார் ஸ்கேல் மாமா. சுவருக்கு மரியாதை கொடுத்துப் பேசினார் என்று தெரிந்தால் தெரு சிரிக்கும். ஆனால் அந்த அறையில் இருந்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

துணி அலசி வந்தவள் பார்த்தது, மாமா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நடுவெயிலில் நிற்பதை. திட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேடத்தின் மேஜையில் புதிய படிவம் ஒன்று இருந்தது. 'ஐந்தாவது அடையாளம். நேரம்: பிற்பகல் 4.10. ஏற்கத்தக்கது.' கூடவே ஒரு தனித்தாள். பதினோரு வருஷத்துக்கு முன் கோட்டைத் தள்ளியபோது மூன்றாவது தெருவில் தன் தங்கச்சிக்கு மனை வாங்கப்பட்டது என்றும், அதைச் சொல்லாமல் மறைத்தது தன் தவறு என்றும் அதே முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

மேடம் இரண்டையும் படித்தார். தனித்தாளைக் கவிழ்த்து வைத்தார். படிவத்தில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"தகவல் தந்தவர்: பம்ப் ஆபரேட்டர். இவரை நான் பார்க்க முடியுமா?"

"இந்த வாரம் முழுக்க என் தங்கச்சி வீட்டுலதான் இருந்தார் மேடம். இப்போ இருக்காரான்னு தெரியலை."

மேடம் ஊருக்குப் புதிது. ஆனால் கோப்பைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஆள். ஆபரேட்டரின் இறப்புச் சான்றிதழ் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். மின்விசிறி நின்றிருந்த அறைக்குள் எங்கிருந்தோ பெயிண்ட் வாசனை வந்தது. மேடத்துக்கும் அது வந்திருக்க வேண்டும். மூக்கைச் சுளித்துச் சுவரைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மாமாவுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, அது தனிக் கதை. மூன்றாவது தெருக்காரர்கள் அவருக்கு வைத்த புதுப் பெயர்களை இங்கே எழுத முடியாது. எதிர்வீட்டு அக்கா மட்டும், "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஆரம்பித்து, எது தெரியும் என்று கடைசி வரை சொல்லவில்லை. தங்கச்சி வீட்டுக் கோடு வெள்ளிக்கிழமையே மறைந்துவிட்டது. பெயிண்டர் அதைத் தன் கைவண்ணம் என்று சொல்லி இரண்டு வீடு பிடித்துவிட்டார்.

தங்கச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் அவருடைய இரண்டாவது மாடி வீட்டு வாசலில் தொட்டில் கட்டில் வந்து இறங்கியது. பின்னால் மகள், குழந்தை, நாலு மூட்டை. தங்கச்சி படியிலேயே நின்றுகொண்டு மகளிடம், மாமா காதில் விழும்படி, "ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு ரெண்டு ரூம்னு கேளு. கீழே படுக்கக் கூடாதுன்னு எழுதினவங்க வீட்டுலயே படுத்துக்குங்க. எங்களை நாங்க பார்த்துக்கறோம்" என்றாள். தொட்டிலின் விளிம்பில் இருந்த சிவப்புச் சொட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். கறை போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

ஸ்கேல் மாமா கட்டிலை ஜன்னலோரம் போட்டார். பழக்கதோஷத்தில் சுவரைத் தரையிலிருந்து அளந்து, நாலடி ஏழு அங்குலத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்த சுவர். வெதுவெதுப்பாகக்கூட இருந்தது.

குழந்தை விசிறியைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. நாலு பத்துக்கு உதைப்பதை நிறுத்தியது. தலையை மெல்லத் திருப்பி, வேலை முடித்துப் போகிற ஒருவரைப் பார்ப்பதுபோல, வாசலையே பார்த்தது. ஒருவர் படியிறங்க ஆகும் நேரம் வரை பார்த்துவிட்டு, மறுபடி விசிறிக்குத் திரும்பியது.